ரோதமுனியும் நிகழ்தகவும்

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதமுனிக்குப் படையல் வைக்கும் வழக்கம் உண்டு. ரோதை திடீரென்று நின்றுவிடக் கூடாது, அதில் யாருடைய கையும் சிக்கிவிடக் கூடாது என்ற பயம் அதற்குள் இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு கணக்கும் உண்டு.

கண்டி மாவட்டத்து லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கத்தில் கொழுந்தைக் கையால்தான் உருட்டுவித்தார். பத்துப் பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நிற்காது. 1872இல் அவர் உருட்டும் இயந்திரம் வைத்தார். கோப்பி அழிந்து தேயிலைக்கு மாறிய திம்புள்ளயிலும் பிறகு வாட்டுவது, அரைப்பது, காயவைப்பது, சலிப்பது எல்லாம் இயந்திரச் சங்கிலியாயின. ஒன்று நின்றால் எல்லாமே நிற்கும்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பொறியியலாளர் ரோபர்ட் லூசரின் பெயரால் ஒரு விதி உண்டு: சங்கிலியின் நம்பகம், கண்ணிகளின் நம்பகங்களைப் பெருக்கி வருவது. 100 நாளில் 95 நாள் பழுதில்லாமல் ஓடும் நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்தால், முழு வரிசையும் ஓடுவது ஏறத்தாழ 81 நாள்தான். மீதி நாட்களில் கொழுந்து கெடும். "இவன்ட கவனக்குறைவுதான்" என்று பழி தொழிலாளி மேல் விழும். கணக்கோ அவனைக் குற்றம் சொல்லவில்லை.

பழுதுகளைத் தேதியோடு எழுதி எண்ணினால் எந்தக் கண்ணிக்கு மாற்று வேண்டும் என்பது தெரியும். 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி எழுத்துகளை எண்ணி இரகசியக் குறிகளை உடைக்கும் வழி சொன்னார். எண்ணுவது நமக்குப் புதிதில்லை. எல்லாம் தக்தீர் என்று சும்மா இருக்கலாமா? ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதானே தவக்குல்!