கிளினிக் தராசும் எங்கள் பிள்ளைகளும்



ஊரில் கிளினிக் தராசைக் கண்டால் எங்கள் அம்மாமாருக்கு ஒரே பயம்: பிள்ளையின் நிறை குறைந்துவிட்டதோ? குறைந்திருந்தால் மருத்துவிச்சி திரிபோஷா பைக்கற் தருவார். இலங்கையில் அத்திட்டம் 1973இல் தொடங்கியது. பின்னர் போரில் இடம்பெயர்ந்து பசியையும் கண்டோம். கொழுத்த பிள்ளையே சுகமான பிள்ளை என்ற எண்ணம் எம்மோடு வளைகுடாவுக்கும் வந்தது.

இங்கே தராசின் கேள்வி வேறு. கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். பிள்ளைகளுக்கு அதை வயதோடும் பாலோடும் சேர்த்தே பார்க்கவேண்டும். 2000ஆம் ஆண்டு ரிம் கோல் குழுவினர் ஆறு நாடுகளின் தரவுகளைக் கொண்டு இதற்குப் பொது எல்லைகளை வகுத்தார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையானோருக்கு வளர்ச்சி வரைபை வெளியிட்டது.

2017இல் அந்நிறுவனம் ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கு வழிகாட்டல் தந்தது. வரும் பிள்ளையின் நிறை, உயரம் இரண்டையும் அளக்கவேண்டும். நிறை கூடினால் பெற்றோருக்கு ஆலோசனை. உடற்பருமன் என்றால் மேலும் பரிசோதித்து அங்கேயே திட்டம் வகுக்கவேண்டும், அல்லது உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரில் ஐக்கிய அரபு இராச்சியம் சோடா வகைப் பானங்களுக்கு 50 வீத வரி விதித்தது.

என் மகனுக்கும் ஒரு வைத்தியர் போசணை ஆலோசகரிடம் போகக் கடிதம் தந்தார். "பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பதும் குற்றமா?" என்று கோபித்து, அதை லாச்சிக்குள் போட்டேன். இரண்டு மாதம் கழித்து மனைவிதான் எடுத்துப் போனா. ஆலோசகர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை; குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர், வெயில் தாழ்ந்ததும் ஓடி விளையாட்டு என்றார்.

ஊரில் திரிபோஷா தந்த அதே அக்கறைதான் அக்கடிதத்திலும் இருந்தது. உங்களுக்குக் கிடைத்தால் லாச்சிக்குள் போடாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.