செல்லுக்கும் மண் வேண்டும்

புற்றுநோய்ச் செல்கள் எந்த உறுப்பில் தங்கும் என்பதை ரத்த ஓட்டமே தீர்மானிக்கிறது என்று 1928இல் ஜேம்ஸ் யூயிங் வாதிட்டார். ஏற்ற மண்ணில்தான் விதை முளைக்கும், ஏற்ற உறுப்பில்தான் புற்றுச் செல் வளரும் என்று லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் 1889இலேயே எழுதியது அதன்பின் ஓரங்கட்டப்பட்டது. அதை மீட்டவர் ஐசையா ஃபிட்லர். கால்நடை மருத்துவராகத் தொடங்கி, பின்னாளில் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் பேராசிரியரானவர். 1980இல் அவரும் இயன் ஹார்ட்டும் எலிகளின் தசைக்குள் நுரையீரல், சினைப்பை, சிறுநீரகத் துணுக்குகளைப் பதித்து, மெலனோமா என்னும் தோல் புற்றின் செல்களை ரத்தத்தில் செலுத்தினார்கள். முதல் இரண்டு துணுக்குகளிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துணுக்கில் வளரவில்லை. செல்கள் அங்கே போயே இருக்காது என்று ஒருவர் மறுக்கலாம். கதிரியக்கக் குறியிட்டுப் பார்த்ததில் அங்கும் அவை போய்ச் சேர்ந்திருந்தன! குடல் புற்று கல்லீரலுக்குப் பரவுவதில் ரத்தப் பாதைக்குப் பங்குண்டு; யூயிங்கை முழுதாகத் தள்ள முடியாது. ஆனால் வந்து சேர்ந்த செல் வளருமா என்பதில் உறுப்புக்கும் பங்குண்டு என்று காட்டியதே ஃபிட்லரின் பெருஞ்சாதனை.