வரிசையும் முகமும்

பண்டைக் கிரேக்கப் போர்வீரனைத் திரையில் காட்டுவதில் உள்ள சிக்கல் உடையையோ ஆயுதத்தையோ பற்றியதல்ல. அவற்றில் பிழை பொறுக்குவது எளிது. ஒவ்வொரு படம் வரும்போதும் பேராசிரியர்கள் அதைச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. சினிமா மனித முகத்தை நம்பி வளர்ந்த கலை. ஸ்பார்ட்டாவின் போர்முறையோ முகத்தை மறைத்து, ஆளை வரிசைக்குள் கரைத்துவிடுவது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று தோற்றே ஆக வேண்டும். பெரும்பாலும் தோற்றது வரிசைதான். அது எப்படித் தோற்றது, அந்தத் தோல்வியோடு சரித்திரத்திலிருந்து வேறு எவையெல்லாம் காணாமல் போயின என்பதைத் தெர்மோபிலே பற்றிய இரண்டு படங்களைக் கொண்டு பார்க்க விரும்புகிறேன். ஒன்று, ருடால்ஃப் மாத்தே 1962-ல் எடுத்த 'தி 300 ஸ்பார்ட்டன்ஸ்'. மற்றது, ஃப்ராங்க் மில்லரின் 1998-ம் வருஷத்துச் சித்திரக்கதையிலிருந்து ஸாக் ஸ்னைடர் எடுத்து 2007-ல் திரைக்கு வந்த '300'. மில்லர் சிறுவனாக இருந்தபோது முதல் படத்தைப் பார்த்து மயங்கியவர். ஆகவே இரண்டாவது படம் முதலாவதற்கு ஒரு வகையில் பேரப்பிள்ளை.

போர் நடந்தது கி.மு. 480-ல். பாரசீக மன்னன் ஸெர்க்ஸஸின் படையை, கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த ஒரு குறுகிய வழியில் கிரேக்கர்கள் மறித்தார்கள். ஹெரோடோட்டஸ் ஊர் ஊராகத் தரும் கணக்கைக் கூட்டினால், எண்ணிக்கை சொல்லப்படாத லோக்ரியர்கள் நீங்கலாக, 5,200 பேர் வருகிறார்கள். அதில் ஸ்பார்ட்டர்கள் 300. பின்பக்க மலைப்பாதை காட்டிக்கொடுக்கப்பட்ட பிறகு, லியோனிதஸ் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டான். தெஸ்பியா என்ற சிற்றூரின் 700 பேர் போக மறுத்துத் தங்கினார்கள், செத்தார்கள். தீப்ஸ் நகரத்தவர் 400 பேரும் கடைசி நாளில் இருந்தார்கள். ஹெலட் என்று அழைக்கப்பட்ட, ஸ்பார்ட்டாவின் நிலத்தை உழுத அடிமைகளும் அங்கே இருந்தார்கள். களத்தில் கிடந்த பிணங்களில் அவர்களுடையவையும் உண்டு என்பதை ஹெரோடோட்டஸ் போகிற போக்கில்தான் சொல்கிறார். முன்னூறு என்ற எண் மட்டும் எப்படி உலகத்தின் நினைவில் தங்கிற்று என்பதே தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

இனி வரிசை. ஹோப்லைட் என்ற காலாள் வீரன் இடக்கையில் தாங்கிய வட்டக் கேடயம் குறுக்காக ஏறத்தாழ மூன்றடி. மரத்தால் செய்து வெண்கலம் போர்த்தியது. ஏழு கிலோ அளவுக்குக் கனக்கும். நடுவிலுள்ள பட்டையில் முன்கையை முழங்கை வரை நுழைத்து, விளிம்பருகே இருக்கும் பிடியை விரல்களால் பற்ற வேண்டும். இப்படிப் பிடித்தால் கேடயத்தின் ஒரு பாதி ஏந்தியவனின் உடலைத் தாண்டி இடப்புறம் நீண்டு நிற்கும். அந்தப் பாதியால் அவனுக்குப் பிரயோஜனமில்லை, இடப்பக்கம் நிற்பவனுக்குத்தான். தன் வலப்புறத்துக்கு அவன் இன்னொருவனுடைய பாதிக் கேடயத்தை நம்பியிருக்கிறான். கி.மு. 418-ல் நடந்த மான்டினியாப் போரை எழுதும்போது துஸிடிடீஸ் ஒன்று சொல்கிறார்: இப்படிப்பட்ட படைகள் முன்னேறுகையில் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும், ஒவ்வொருவனும் பயத்தில் பக்கத்தவனின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பதால். ஒரு சைன்யத்தின் திசையையே தனிமனிதனின் பயம் திருப்புகிறது! வீரம் என்பதைப் பற்றி எழுதியவர்களில் இவ்வளவு துல்லியமாகப் பயத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

இந்த அணி எவ்வளவு நெருக்கமானது, எப்போது முழு உருவம் பெற்றது என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. விக்டர் டேவிஸ் ஹான்சன் 1989-ல் எழுதிய நூலில் அது தோளோடு தோள் நெரித்து மொத்தமாகத் தள்ளும் யுத்தம். ஹான்ஸ் வான் வீஸ் 2004-ல் எழுதியதில் அது அவ்வளவு இறுக்கமானதல்ல. நீண்ட காலம் தளர்வாகவே இருந்து மெல்ல இறுகியது. ஆனால் கேடயத்தின் தார்மீகத்தைப் பற்றிய சாட்சியம் தெளிவாகவே இருக்கிறது. தலைக்கவசத்தை இழந்தவனை விட்டுவிட்டுக் கேடயத்தை இழந்தவனை மட்டும் ஸ்பார்ட்டா ஏன் அவமதிக்கிறது என்று கேட்டதற்கு, கவசம் அவரவர் தலைக்கு, கேடயம் வரிசை முழுமைக்கும் என்ற பொருளில் டெமராட்டஸ் மன்னன் பதில் சொன்னதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார்.

இந்த வரிசையை உருவத்தில் கொண்டுவர முடியாது என்று சொல்வதற்கில்லை. ரோமாபுரியில் வில்லா ஜூலியா மியூஸியத்தில் இருக்கும் சிகி ஜாடி கி.மு. ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் சின்னஞ்சிறு பட்டையில் கேடயங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய, கால்கள் ஒரே கோணத்தில் எட்டு வைக்க, ஒரு பையன் இரட்டைக் குழல் ஊதிக்கொண்டு நிற்க, இரண்டு அணிகள் மோதும் தறுவாயில் இருக்கின்றன. யாருடைய முகமும் முக்கியமில்லை. தாளம்தான் முக்கியம். பெயர் தெரியாத அந்த ஓவியன் முடித்து வைத்த பிரச்சினையைச் சினிமா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

மாத்தே இயக்குநராவதற்கு முன் ஒளிப்பதிவாளர். அதுவும் யாருடைய ஒளிப்பதிவாளர்? கார்ல் டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) படத்துக்குக் கேமரா பிடித்தவர் இவர்தான். மனித முகத்தையே ஒரு போர்க்களமாக ஆக்கிக் காட்டிய படம் அது. க்ளோஸ்-அப் என்பதன் உச்சம். அதே மனிதர், தம் கடைசி வருஷங்களில், கிரேக்க அரசின் ஒத்துழைப்போடு ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி ஸினிமாஸ்கோப் அகலத்தில் தெர்மோபிலேயை எடுத்தார். எடுத்த இடம் தெர்மோபிலே அல்ல, கொரிந்துக்கு அருகில் பெரக்கோரா. தெர்மோபிலேயில் ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து, கடல் கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போய்விட்டது. அந்தக் குறுகிய வழி இன்று ஒரு சமவெளி. படத்தில் வரிசை உண்டு, தூரத்திலிருந்து பார்க்கும் பொறுமையும் உண்டு. தெஸ்பியர்களின் தலைவன் டெமோஃபிலஸுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் படம் அந்த வரிசையை நம்பவில்லை. ஒரு காதல் கிளைக்கதை தேவைப்படுகிறது. ரிச்சர்ட் ஈகனின் முகம் தேவைப்படுகிறது. பனிப்போர்க் காலத்து 'சுதந்திர உலகம்' பற்றிய பிரசங்கமும் சேர்ந்துகொள்கிறது. அணி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று படம் பிளந்து நிற்கிறது. டிரையரிடம் இருந்தவர் இந்தப் பிளவை உணர்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்னைடரிடம் பிளவு இல்லை, தீர்மானம் இருக்கிறது. படம் பெரும்பாலும் மான்ட்ரியலில் ஸ்டுடியோவுக்குள், நீலத்திரைக்கு முன்னால் எடுக்கப்பட்டது. அதில் லியோனிதஸ், கூனனான எஃபியால்டிஸிடம் கேடயத்தை உயர்த்திக் காட்டச் சொல்கிறான். முடியவில்லை. உன்னால் பக்கத்தவனைக் காக்க முடியாது என்று விலக்கிவிடுகிறான். வரிசையின் தத்துவத்தைப் படம் இங்கே சரியாகவே சொல்லிவிடுகிறது. முதல் மோதலில் அணி தள்ளுவதையும் காட்டுகிறது. அதன்பின் என்ன? லியோனிதஸ் அணியைவிட்டு வெளியே வருகிறான். கேமரா பக்கவாட்டில் அவனோடேயே நகர்கிறது. காலம் மந்தமாகிறது, வேகமாகிறது, மறுபடி மந்தமாகிறது. ஒருவன் பின் ஒருவனாக எதிரிகள் அவன் கையால் விழுகிறார்கள். இது போர் அல்ல, ஒரு நடனக்காரனின் தனி ஆட்டம். படத்தின் முடிவில் அவன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், பார்வையைக் குறுக்குகிறது என்பதால். கேடயத்தையும் போட்டுவிடுகிறான், குறி தூரத்தில் இருக்கிறது, கனம் நிலைதடுமாறச் செய்கிறது என்பதால். ஸ்பார்ட்டாவின் பேரால் எடுக்கப்பட்ட படத்தின் உச்சத்தில், ஸ்பார்ட்டன் ஒருவனுக்கு எது மிகப் பெரிய இழிவோ அதைச் செய்து நாயகன் மகிமை அடைகிறான்.

கலைக்குத் தனிமனிதன் வேண்டாமா என்று கேட்கலாம். ஹோமரிடம் இருப்பது தனித்தனி வீரர்கள்தானே? உண்மை. கைலாசபதி 1968-ல் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வில் நம் புறப்பாடல்களை ஒப்பிட எடுத்துக்கொண்டதும் ஹோமரைத்தான். இரண்டும் பெயர் சொல்லிப் பாடப்பட்ட வீரர்களின் உலகங்கள். ஆனால் இலியட்டில் கொல்பவனுக்கு மட்டுமல்ல, சாகிறவனுக்கும் பெயர் உண்டு. இரண்டு வரிகளில் வந்து விழுபவனுக்குக்கூட ஒரு தகப்பன், ஓர் ஊர். ஸ்னைடரின் பாரசீகர்களுக்கு அது இல்லை. அவர்கள் முகமூடிகள், அரக்கர்கள், அங்கஹீனர்கள். ஈரானில் இந்தப் படத்துக்கு எழுந்த எதிர்ப்பை வெறும் தேசிய ரோஷமென்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவனுக்கு முகம் தருவதற்காக ஆயிரம் பேரிடமிருந்து முகத்தைப் பிடுங்குவது ஹோமரின் வழி அல்ல.

பிடுங்கப்பட்டவர்கள் பாரசீகர்கள் மட்டுமல்ல. ஹெலட்டுகள் படத்திலிருந்தே துடைக்கப்பட்டுவிட்டார்கள். கி.மு. 479-ல் பிளாட்டியாவுக்குப் போன ஸ்பார்ட்டக் குடிமக்கள் 5,000 பேர், ஆளுக்கு ஏழு ஹெலட் வீதம் 35,000 பேர் உடன் போனார்கள் என்பது ஹெரோடோட்டஸின் கணக்கு. படத்தின் கடைசிக் காட்சி அதே பிளாட்டியா. அங்கே 10,000 ஸ்பார்ட்டர்கள் 30,000 சுதந்திரக் கிரேக்கர்களுக்குத் தலைமை ஏற்பதாக வசனம் வருகிறது. அடிமைகளின் தொகையே சுதந்திரர்களின் தொகையாக மாறிவிட்டதுபோல் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் சிறுவன் லியோனிதஸ் பனிமலையில் ஓர் ஓநாயைக் கொன்று ஆண்மகனாகிறான். கிரிப்டெயா என்ற உண்மையான வழக்கத்தில் ஸ்பார்ட்டாவின் இளைஞர்கள் இரவில் பதுங்கிக் கொன்றது ஹெலட்டுகளை. ஆட்சியாளர்கள் வருஷந்தோறும் பதவியேற்றதும் ஹெலட்டுகள்மேல் போர் அறிவிப்பார்கள், கொலையில் தீட்டு ஒட்டாமலிருக்க, என்று அரிஸ்டாட்டிலைச் சான்றாகக் காட்டிப் புளூடார்க் எழுதுகிறார். அடிமை நின்ற இடத்தில் படம் ஓநாயை நிறுத்திவிட்டது.

இந்த இடத்தில் அரிஸ்டோடீமஸ் என்ற மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னூறு பேரில் இவனுக்கும் யூரிட்டஸ் என்பவனுக்கும் கண்நோய். இருவரும் பின்னால் ஒரு கிராமத்தில் படுத்திருந்தார்கள். முடிவு வந்த செய்தி கேட்டு யூரிட்டஸ் தன் ஹெலட்டைக் கூப்பிட்டு, கவசம் பூட்டச் சொல்லி, களத்துக்கு அழைத்துப்போகச் சொன்னான். கொண்டுபோய் விட்டுவிட்டு ஹெலட் ஓடிவிட்டான். பார்வையற்றவன் கூட்டத்துக்குள் விழுந்து செத்தான். அரிஸ்டோடீமஸ் ஊர் திரும்பினான். அவனுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை, யாரும் அவனோடு பேசவில்லை. 'நடுங்கி' என்று பெயர் வைத்தார்கள். மறுவருஷம் பிளாட்டியாவில் அவன் வரிசையைவிட்டு வெளியே பாய்ந்து, வெறிகொண்டு போரிட்டு மாண்டான். அன்று எல்லோரிலும் சிறந்தவன் அவனே என்பது ஹெரோடோட்டஸின் அபிப்ராயம். ஸ்பார்ட்டா ஒப்பவில்லை. அவன் சாக விரும்பியவன், அணியைக் கைவிட்டவன். சாக விரும்பாமலே நன்றாகப் போரிட்ட பொசிடோனியஸே சிறந்தவன் என்றார்கள். அரிஸ்டோடீமஸுக்கு மரியாதை எதுவும் செய்யவில்லை.

ஸ்பார்ட்டாவின் இந்தத் தீர்ப்பில் குரூரம் இருக்கிறது. ஒருவனை ஊரே சேர்ந்து சாவுக்குத் துரத்திவிட்டு, ஏன் சாக விரும்பினாய் என்று கேட்கிறது அது. ஆனாலும் அதில் ஒரு தெளிவும் இருக்கிறது. தனியே பாய்கிறவன் எவ்வளவு பிரகாசித்தாலும், அவன் விட்டுப்போன இடத்தில் ஒருவனின் பக்கவாட்டு உடல் திறந்து கிடக்கிறது என்ற தெளிவு. '300' படத்தில் கண்ணிழந்து ஊர் திரும்பும் டிலியஸ் இந்த அரிஸ்டோடீமஸின் சாயலில் செய்யப்பட்டவன். அவனை யாரும் ஒதுக்கவில்லை. அவன்தான் கதைசொல்லி, பிளாட்டியாவில் படைக்கு முன்னால் நிற்பவனும் அவனே. கூச்சமும் தண்டனையும் நீக்கப்பட்ட இந்தக் கதையில் எஞ்சுவது தியாகத்தின் பளபளப்பு மட்டும்.

பளபளப்புக்கு எப்போதும் வாங்குவோர் உண்டு. 1943 ஜனவரி 30-ல், ஸ்டாலின்கிராடில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்குக் கோயரிங் வானொலியில் தெர்மோபிலேயைத்தான் உதாரணம் காட்டினான். 2020-ல் குற்றக் கும்பல் என்று கிரேக்க நீதிமன்றம் தீர்ப்பளித்த 'பொன் விடியல்' கட்சி கூட்டம் போட்ட இடங்களில் தெர்மோபிலேயும் ஒன்று. ஆயுதங்களைக் கேட்டவனுக்கு லியோனிதஸ் தந்ததாகச் சொல்லப்படும் இரண்டு சொல் பதில் அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்களின் கார்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. இதற்கெல்லாம் சினிமாவைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. கோயரிங்குக்கு ஸ்னைடர் தேவைப்படவில்லை. ஆனால் அடிமையும் தெஸ்பியனும் நடுங்கியும் இல்லாத தெர்மோபிலே, யாரும் எடுத்துப் பூசிக்கொள்ளக்கூடிய சாயமாகிவிடுகிறது.

சினிமாவால் வேறு விதமாகச் செய்ய முடியாதா? மைக்கேல் காக்கோயானிஸ் 1977-ல் யூரிபிடிஸின் நாடகத்திலிருந்து எடுத்த 'இஃபிஜெனியா' செய்திருக்கிறது. காற்று வீசாத ஔலிஸ் கடற்கரை, வெயில், வேலையற்றுக் கிடக்கும் சிப்பாய்கள். அவர்கள் யுத்தம் செய்வதே இல்லை, காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருத்தலின் கனத்தில் அரசன் தன் மகளைப் பலியிடச் சம்மதிக்கிறான். அகிலீஸை அவனுடைய சொந்த வீரர்களே எதிர்க்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் சாதாரண மனிதர்கள், சேர்ந்தால் தெய்வத்தைவிடப் பயங்கரமானவர்கள். வரிசையின் இன்னொரு முகம் இது. கும்பலை இப்படித் தூரத்தில் வைத்துக் காட்டத் தெரிந்ததால்தான், ஐரீன் பாப்பாஸின் தாய்முகத்துக்கு அருகே கேமரா போகும்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது. முகம் அங்கே சம்பாதிக்கப்படுகிறது.

தெர்மோபிலேயில் இன்று இரண்டு நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. 1955-ல் வைத்தது லியோனிதஸுக்கு: கேடயமும் ஈட்டியுமாக ஒரு வெண்கல மனிதன். 1997-ல் வைத்தது தெஸ்பியர்களுக்கு: தலையில்லாத, சிறகுள்ள ஓர் உடல். பெயரற்றவர்களின் சாவுக்கு முகம் வைக்காமல் விட்ட சிற்பியின் விவேகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கேமரா அருகே போக வேண்டிய ஒரு முகமும் அந்தக் களத்தில் இருந்தது. பார்வையிழந்த எஜமானனின் கையைப் பிடித்து, இரைச்சல் வரும் திசையை நோக்கி ஒரு ஹெலட் நடக்கிறான். ஓடிப்போக வழியெல்லாம் இடம் இருந்தது. எஜமானன் கேட்ட இடம் வரை கொண்டுபோய்விட்டு, அதற்குப் பிறகுதான் ஓடுகிறான். அவன் பெயரை ஹெரோடோட்டஸ் எழுதவில்லை. நான் பார்த்த எந்தப் படத்திலும் அவன் இல்லை.