ஏட்டில் ஏறாத உழைப்பு

1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவெங்கும் பரவிய இன்புளுயென்சாக் காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மாண்டோரில் இளவயதுப் பெண்கள் மிகுதி என்பதை அக்கால அரசறிக்கைகளில் காண்கிறோம். தாமே நோயுற்ற நிலையிலும் பிறரைப் பேணி, அடுப்பும் அணையாமல் காத்தமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

2020 மார்ச் 25இல் கொரோனாவால் நாடு அடைபட்டபோது, பள்ளிக்கூடமும் நோயாளியின் படுக்கையும் வீட்டிற்குள் வந்தன. அதற்கு முன்பே, 2019இல், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாள்தோறும் 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அரசின் ஆய்வு கண்டது.

நூறாண்டு கடந்தும் சுமை தோள் மாறவில்லை. தாய்மையைப் புகழ்ந்துரைத்து நாம் இக்கடனைத் தீர்த்துவிட இயலாது. நோயாளியின் தலைமாட்டில் விழித்திருக்கும் இரவுகளில் பாதியேனும் நம் இல்லத்து ஆண்மக்களுடையதாகட்டும்.