இப்னு சஹ்லின் ஆடியும் நியோடிமியக் கண்ணாடியும்



"லேசரைக் கண்டுபிடித்ததும் முஸ்லிம்கள்தான்" என்ற பதிவு நம்மூர்க் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. இல்லாததைச் சொன்னால் இருப்பதையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே நம் முன்னோர் செய்தது எது, செய்யாதது எது என்று பிரித்தே பார்ப்போம்.

984 அளவில் பக்தாதில் இப்னு சஹ்ல், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். நாம் பாடசாலையில் சினெல்லின் விதி என்று படிப்பது அதில் கேத்திரகணித உருவில் இருக்கிறது. பின்னர் இப்னுல் ஹைதம் பரவளைவு ஆடிக்கென்றே தனி நூல் எழுதினார். வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் கணிதம் அது. லேசர் அல்ல.

லேசர் பிறந்தது 1960 இல். அடுத்த ஆண்டே, மூக்குக்கண்ணாடிக்குப் பேர்போன அமெரிக்கன் ஒப்டிகல் கம்பனியில் எலியாஸ் சினிற்சர், நியோடிமியம் கலந்த கண்ணாடியில் லேசர் எடுத்தார். நியோடிமியம் ஓர் அருமண் உலோகம். 1885 இல் ஒஸ்திரியரான அவர் வொன் வெல்ஸ்பாக் பிரித்தறிந்தது. (பெற்றோமெக்ஸ் மென்டலும் அவர் கண்டுபிடிப்பின் வழி வந்ததுதான். நமது பேருவளைக் கடற்கரையின் மொனசைற்று மணலிலும் இந்த அருமண்கள் உண்டு.) 1964 இல் சினிற்சரும் கோஸ்டரும் ஒரு மீற்றர் நீளக் கண்ணாடி இழையை மின்வெட்டு விளக்கில் சுருளாகச் சுற்றி ஒளியைப் பெருக்கிக் காட்டினர்.

விளக்குக்குப் பதில் சூரியன்? 1963 இல் டிஸ்புரோசியம் கலந்த பளிங்கைக் கடுங்குளிரில் வைத்து அதைச் சாதித்தார்கள். 1966 இல் அதே அமெரிக்கன் ஒப்டிகலில் யங் என்பவர், 61 சென்ரிமீற்றர் ஆடியால் வெயிலைக் குவித்து 1 வாற்று எடுத்தார். அந்த ஆடியில் விழும் நல்ல வெயிலோ 250 வாற்றுக்கு மேல்!

ஏன் இவ்வளவு நட்டம்? நியோடிமியம் சாப்பாட்டில் குறை பிடிக்கும் பிள்ளையைப் போன்றது. வெயிலில் 580, 740, 800 நனோமீற்றரை அண்டிய சில பட்டைகளை மட்டும் உறிஞ்சும், மற்றதைப் போகவிடும். (சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் இந்தக் குணத்துக்காகவே கண்ணாடி ஊதும் தொழிலாளர் அது கலந்த காப்புக்கண்ணாடி அணிகிறார்கள்.) உறிஞ்சியதும் முழுதாக வெளிவராது. 800 இல் எடுத்ததை 1060 இல் கொடுக்கும்போது கால்பங்கு வெப்பமாகிவிடும். 580 இல் எடுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடியோ வெப்பத்தை இலகுவில் கடத்தாது. தடித்த தண்டானால் வெடித்துவிடும்.

அதனால் பளிங்குகள் முந்தின. குரோமியமும் சீரியமும் சேர்த்து, விடுபட்ட நிறங்களையும் பிடிக்க வைத்தார்கள். பிரான்சின் ஒடெய்யோ சூரிய உலையில் அண்மையில் வினைத்திறன் 4 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டுக்கூரைச் சோலார் தகடு அதைப்போல் நான்கைந்து மடங்கு தரும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கண்ணாடி இழையின் கதை முடியவில்லை. மயிர்போல் மெலிந்ததால் வெப்பம் இலகுவில் வெளியேறும். ஒளியும் உள்ளேயே அடைபட்டிருப்பதால் சிறிய வெயிலே போதும். 2012 இல் ஜப்பானில் டொயோட்டா ஆய்வாளர்கள் 5 சென்ரிமீற்றர் ஆடி ஒன்றால், நியோடிமியம் கலந்த புளோரைட்டுக் கண்ணாடி இழையில் லேசர் எடுத்தார்கள். அது பரவளைவு ஆடி. பெருமைப்பட விரும்புவோர் அந்த ஆடிக்காகப் பெருமைப்படலாம், மறுப்பதற்கில்லை.

அந்தப் பதிவு உங்கள் குழுவுக்கும் வந்திருந்தால், அனுப்பியவரைக் கடியாமல் இதையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.