அநாதை எனப் பதியப்பெற்ற இயக்கி

கணினியின் உறுப்புகளோடு நேரே உரையாடும் நிரலுக்கு 'இயக்கி' என்று பெயர். அதனை எழுதுதல் ஒரு தொழில். காத்தல் பிறிதொரு தொழில். பின்னதன் அருமையைப் பலர் அறியார்.

1991-ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' இயங்குதளத்தின் கருவகத்தை எழுதி, மூலநிரலை யாவரும் காண வெளியிட்டார். நெகிழ்வட்டு இயக்கியும் அவ்வாண்டில் அவர் எழுதியதே.

கருவகத்தின் உள்ளமைப்பு ஓயாது மாறும். மாறுந்தோறும் இயக்கிகளையும் திருத்தியாக வேண்டும்; திருத்தியதை உண்மைக் கருவியில் ஓட்டிப் பார்த்தாலன்றி ஐயம் தீராது. எனவே, எந்த இயக்கிக்கு எவர் பொறுப்பு என்று காட்டும் பதிவேடு ஒன்று உண்டு. (பதிவேடு என்றதும் என் மனம் பள்ளிக்குப் போய்விடுகிறது!) பொறுப்பாளர் இல்லாததை அதில் 'அநாதை' என்றே குறிப்பர்.

2019 ஜூலையில் நெகிழ்வட்டு இயக்கிக்கு அந்நிலை நேர்ந்தது. காத்துவந்தவரிடம் ஓடும் நிலையில் கருவி இல்லை. சோதிக்க இயலாததை எங்ஙனம் காப்பது? லினஸே அச்சொல்லைப் பதிந்தார். ஆயினும் இயக்கியை நீக்கினாரல்லர். மெய்யான கருவி அருகிய பின்னரும், கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினிகள் போலி நெகிழ்வட்டைக் காட்டி அவ்வியக்கியையே நாடின. அதிலிருந்த பழைய பிழைகள் சில அவ்வாண்டிலேதான் வெளிப்பட்டுத் திருத்தப்பெற்றன. அவற்றைத் திருத்தியவரே பின்னர்ப் பொறுப்பையும் ஏற்றார்.

பழைய மதிப்பெண் பட்டியல்கள் அடங்கிய நெகிழ்வட்டுகள் நான்கு என் மேசையில் உள்ளன. இயக்கி இருக்கிறது, அவற்றைச் செருகும் கருவியைத்தான் இரு திங்களாகத் தேடி வருகிறேன்.