நம்ம பள்ளிகளில் ஏன் துப்பாக்கி இல்லை? 1878-லிருந்து ஒரு குறிப்பு

போன மாசம் கிழக்கு தாம்பரத்தில் ஒரு கடையில் தங்கச்சி பொண்ணுக்கு ஷூ வாங்கினேன். ஆறு வயசுப் பொண்ணு. நடந்தால் குதிகாலில் சிவப்பும் நீலமுமாக லைட் எரியும் ஷூ. டெக்சாஸ் போகும் நண்பரிடம் கொடுத்து அனுப்பலாம்னு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். உடனே போன் வந்தது.

"அண்ணா, லைட் எரியுறது மட்டும் வேணாம்ணா. ஸ்கூல்ல லாக்டவுன் டிரில் வைப்பாங்க. இருட்டுல மூலையில சத்தம் போடாம உக்காரணும். கால் ஆடினா லைட் எரியும். எங்க இருக்காங்கன்னு காட்டிக் கொடுத்துடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும், குடை எடுத்துட்டுப் போன்னு சொல்ற மாதிரி.

அன்னைக்கு சாயங்காலம் செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கும்போது எதிர்வீட்டு சாரிடம் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "அதெல்லாம் அவங்க கலாச்சாரம் சார். நம்ம ஊர்ப் பசங்க அப்படிச் செய்வாங்களா?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தத் தலையாட்டல் ராத்திரி தூங்க விடலை. நம்ம ஊரில் நடக்கவில்லையா? நடக்கவில்லை என்றால், உண்மையிலேயே கலாச்சாரம்தான் காரணமா? மூன்று வாரம் தேடிப் படித்ததை இங்கே குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

இங்கே நடந்தவை

2007 டிசம்பர் 11. டெல்லிக்குப் பக்கத்தில் குர்கான், ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர், கூடப் படித்த பையனைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனுடைய அப்பாவுடையது. "அமெரிக்கா நம்ம வகுப்பறைக்குள்ளேயும் வந்துவிட்டது" என்ற தொனியில்தான் அன்றைய பேச்சு இருந்தது.

2012 பிப்ரவரி 9. நம்ம சென்னை. பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில் உள்ள ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். வயது 15. டைரியில் வீட்டுக்குப் புகார் எழுதி அனுப்பினார் என்ற கோபம். அந்த வாரம் என் ஆபீஸில் எல்லோரும் இதைத்தான் பேசினோம். சினிமா காரணம் (அந்தப் பையன் பார்த்ததாகச் சொல்லப்பட்ட இந்திப் படத்தின் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்தது), செல்போன் காரணம், பாக்கெட் மணி காரணம், மதிப்பெண் நெருக்கடி காரணம், அடிக்கக் கூடாதுன்னு வாத்தியார் கையைக் கட்டிப் போட்டது காரணம். கத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கு? கத்தி எல்லார் வீட்டு சமையலறையிலும் இருக்கு.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த ஆதிக்கசாதிப் பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள்.

2025 ஏப்ரல். பாளையங்கோட்டை. எட்டாம் வகுப்பு. புத்தகப் பையில் அரிவாள். சக மாணவனுக்கும் தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். பென்சில் தகராறு என்று செய்தி.

இந்த நாலையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எதிர்வீட்டு சாருடைய வாதம் நிற்காது என்று தெரிந்தது. கோபம் இங்கேயும் இருக்கு. அவமானம், பழிவாங்கும் எண்ணம், முன்கூட்டியே திட்டம் போட்டு ஆயுதத்தோடு வருவது எல்லாம் இருக்கு. நாங்குநேரியில் கூடுதலாக சாதியும் இருக்கு. இல்லாமல் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு பொருள்தான்.

ஒரே நாள், இரண்டு பள்ளிகள்

2012 டிசம்பர் 14. சீனாவில் ஹெனான் மாகாணத்து கிராமப் பள்ளி ஒன்றில் ஒருவன் கத்தியோடு நுழைந்து 23 குழந்தைகளையும் ஒரு மூதாட்டியையும் குத்தினான். அதே தேதியில் அமெரிக்காவில் கனெக்டிகட், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான்.

ஹெனானில் இறந்தவர்கள் யாருமில்லை. சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகள், 6 பெரியவர்கள்.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழை ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி. பிழை வந்தால் எவ்வளவு தூரம் சேதம் பரவும் என்பது வேற கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டையும் சரி செய்ய முடியாது. "மனசு ஏன் கெட்டுப் போச்சு?" என்பது முதல் கேள்வி. "அவன் கையில் என்ன இருந்தது?" என்பது இரண்டாவது. நாம் எப்போதும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கு நமக்காக யாரோ எப்பவோ பதில் எழுதி வைத்துவிட்டார்கள். யார்?

லிட்டன் பிரபுவின் சட்டம்

நம்ப முடியாதுதான். ஆனால் பதிலை எழுதத் தொடங்கியது வெள்ளைக்காரன். அதுவும் நம்ம நல்லதுக்காக இல்லை.

1857-க்குப் பிறகு இந்தியர் கையில் ஆயுதம் இருப்பது பிரிட்டிஷாருக்குப் பயம். வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷம்தான். ஒரே வருஷத்தில் வாய்க்கும் கைக்கும் பூட்டு.

இந்தப் பூட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே உண்டு. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். சுடப் பழகியது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். ஏன் புதுச்சேரி? அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் சட்டமும் போலீஸும் அங்கே செல்லாது.

ஆகவே சுதந்திரப் போராட்டக்காரர்களுக்கு இந்தச் சட்டம் ஓர் அவமானச் சின்னம். 1918-இல் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில் காந்தியே, ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தைத்தான் வரலாறு பிரிட்டிஷ் ஆட்சியின் மிக மோசமான செயலாகக் கருதும் என்ற பொருளில் எழுதினார். இன்றைக்கு அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்கள் அந்த வரியை ஆசையாக மேற்கோள் காட்டுகிறார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருக்கிறது, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு.

அதாவது, அமெரிக்கா 1791-இல் இரண்டாவது திருத்தத்தில் எழுதிய உரிமையின் பக்கத்தில் நாமும் ஒரு காலத்தில் நின்றோம்.

1948 டிசம்பர்

அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதை மறுபடியும் கிளப்பினார். கராச்சி தீர்மானத்தைக் காட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கணும் என்று திருத்தம் கொண்டுவந்தார். விதிமுறைகளுக்கு உட்பட்டுத்தான் என்று அவரும் சொன்னார்.

அம்பேத்கர் எதிர்த்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அந்தக் கோரிக்கைக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது நிலைமை வேறு. ஒவ்வொருத்தரும் சந்தைக்குப் போய் இஷ்டப்பட்ட ஆயுதத்தை வாங்கலாம் என்றால் அரசு எப்படி நடக்கும்? ஆயுதம் ஏந்தும் உரிமையைவிட, நாட்டுக்கு ஆபத்து வரும்போது ஆயுதம் ஏந்த வேண்டிய கடமைதான் முக்கியம். அவர் வாதத்தின் சாரம் இதுதான். திருத்தம் தோற்றது.

காந்தி கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது பதினோரு மாதம்கூட ஆகவில்லை என்பதையும் நினைவில் வைத்துப் படிக்கணும்.

1878 சட்டத்துக்குப் பதில் 1959-இல் சொந்தமாக ஆயுதச் சட்டம் போட்டோம். 1962-இல் அமலுக்கு வந்தது. இனப் பாகுபாடு போனது, லைசென்ஸ் தங்கியது. இப்போது 21 வயது நிரம்பணும். போலீஸ் விசாரணை, ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் எல்லாம் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் 'துப்பாக்கிகளை காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும்' என்று பேப்பரில் அறிவிப்பு வருமே, அதுவும் இதன் தொடர்ச்சிதான்.

விஷயம் என்னன்னா, இங்கே "எனக்கு ஏன் வேண்டும்" என்று நான் நிரூபிக்கணும். அங்கே "உனக்கு ஏன் கூடாது" என்று அரசு நிரூபிக்கணும். எல்லா வித்தியாசமும் இந்த ஒரு வரியில் இருக்கு.

இரண்டு நடிகர்கள்

இந்த இடத்தில் ஒரு சின்ன திசைதிருப்பல். 1967 ஜனவரி 12, இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர் இருக்கும் போஸ்டர் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்தார். வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் நடந்து ராதாவுக்கு 7 ஆண்டு தண்டனை. பிறகு உச்ச நீதிமன்றம் குறைத்தது.

அப்பா தலைமுறையிடம் கேட்டால் அழுகை, கூட்டம், ஓட்டு எல்லாம் சொல்வார்கள். துப்பாக்கியைப் பற்றி ஒரு விவாதம் நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதே 1967-இல் கலிபோர்னியாவில் இன்னொரு நடிகர் கவர்னர். ரொனால்டு ரீகன். மே மாதம் கறுப்புச் சிறுத்தைகள் அமைப்பினர் துப்பாக்கியோடு சட்டசபைக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடக்கத் தடை போடும் சட்டத்தில் ரீகன் கையெழுத்துப் போட்டார். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அங்கேயும் பயம் மாறுகிறது. லிட்டனுக்கு இருந்த பயத்தின் உறவுக்காரப் பயம்.

அங்கே என்ன நடக்கிறது

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளி, 1996 மார்ச்: 16 குழந்தைகளும் ஆசிரியையும் இறந்தார்கள். அடுத்த வருஷமே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தர், 1996 ஏப்ரல்: 35 பேர். சட்டம் மாறியது, லட்சக்கணக்கான துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது.

அமெரிக்காவில் சாண்டி ஹூக்குக்குப் பிறகு, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54. தேவை 60. விழுந்தது. 2018-இல் பார்க்லாந்தில் 17 பேர் இறந்தபோது உயிர்பிழைத்த மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள்; புளோரிடா மூன்றே வாரத்தில் வாங்கும் வயதை 21 ஆக்கியது. 2022 மே 24, டெக்சாஸில் யுவால்டி: 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். அடுத்த மாதமே ஒரு மிதமான சட்டம் நிறைவேறியது. அதே ஜூனில், பொதுவெளியில் துப்பாக்கி வைத்துக்கொள்ள 'தகுந்த காரணம்' காட்டணும் என்ற நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உரிமை என்று எழுதிவிட்டால் காரணம் கேட்க முடியாது. காமத்தின் திருத்தம் ஜெயித்திருந்தால் நம்ம நீதிமன்றங்களிலும் இதே வழக்குகள் வந்திருக்கலாம்.

அமெரிக்கர்களுக்குக் குழந்தைகள்மேல் பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் அவர்கள் 1791-ஐயும் சேர்த்துத் தாண்ட வேண்டியிருக்கு. நமக்கு 1948-இல் சிலர் உட்கார்ந்து அதை முடித்துவிட்டார்கள்.

மறுப்புகள்

இரண்டு மறுப்பு வரும். ஒன்று, இந்தியாவில் துப்பாக்கியே இல்லையா? இருக்கு. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வமைப்பின் 2017 மதிப்பீடு: இந்தியப் பொதுமக்களிடம் சுமார் 7.1 கோடி, பெரும்பாலும் பதிவில்லாதவை. ஆனால் 100 பேருக்கு 5 அளவுதான். அமெரிக்காவில் 100 பேருக்கு 120. குர்கான் சம்பவம் எந்த வீட்டில் தொடங்கியது என்று பாருங்கள். துப்பாக்கி இருந்த வீட்டில்.

இரண்டு, குடகு. 1861-லிருந்து குடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு, இன்றும் தொடர்கிறது. அங்கே துப்பாக்கி பூஜைக்குரிய பொருள். பள்ளியில் யாரும் சுடுவதில்லை. உண்மை. ஆகவே கலாச்சாரம் என்பது பொய் இல்லை. ஆனால் அது ஒரு சிறு சமூகம், தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஒழுங்கு. நாங்குநேரிக்கும் பாளையங்கோட்டைக்கும் அதே ஒழுங்கு இருக்கிறது என்று என்னால் பந்தயம் கட்ட முடியாது.

சின்ன வயசில் இந்த ஏரியில் கொக்கு சுட நரிக்குறவர் ஒருத்தர் நாட்டுத்துப்பாக்கியோடு வருவார். ஏடிஎம் காவலாளியின் இரட்டைக்குழலைத் தவிர நான் கிட்டத்தில் பார்த்த துப்பாக்கி அதுதான். என் பையன் அதுகூடப் பார்த்ததில்லை. அவன் ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் அவன் பள்ளியிலிருந்து மெசேஜ்: இனி காலையில் பைகளைச் சோதிப்போம், பெற்றோர் ஒத்துழைக்கவும். எதைத் தேடுகிறார்கள் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எதிர்வீட்டு சாரிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தவன் சார். எத்தனை பசங்க கோபத்தை நான் பார்த்திருக்கேன். அப்போ அவங்க கையில ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்னு சொல்றீங்களா?" என்றார்.

அவ்வளவுதான்னு சொல்லலை சார். ஆனா அதுதான் நமக்கு யோசிக்க நேரம் வாங்கிக் கொடுத்திருக்கு. அந்த நேரத்தில் நாம் கயிறைக் கழற்றினோமா, பசங்களிடம் பேசினோமா என்பதுதான் மிச்சம் இருக்கும் கேள்வி. சந்துரு குழு அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித் தனியாக எழுதணும்.

லைட் ஷூவைக் கடையில் கொடுத்து மாற்றிவிட்டேன். சாதாரண வெள்ளை ஷூ. தங்கச்சிக்குப் பிடிச்சிருக்கு.